தீபாவளிச் சட்டையும் ஆடம்பரமும்

கேள்வி: நாடு வங்குரோத்தாகி இப்போதுதான் எழும்புகிறது. ஆனாலும் தீபாவளி வந்தால் கிளிநொச்சிப் புடவைக்கடைகளில் கால் வைக்க இடமில்லை. கடன்பட்டு உடுப்பு எடுக்கும் இந்த ஆடம்பரம் வன்னிச் சனத்துக்குத் தேவையா?
— வாசகர், பரந்தன்

பதில்: ஒரு தாய் வருஷத்துக்கு ஒருக்கால் பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்தால் அது ஆடம்பரமாம். புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதில் கிளிநொச்சியும் இருந்தது. அந்தக் கடைகளுக்கு முன்னால் நிற்கும் சனத்தைப் பார்த்து ஆடம்பரம் என்று ஒருவரும் இந்தப் பக்கத்துக்கு எழுதவில்லை. உடுப்பு என்றால், அதுவும் பெண்பிள்ளைகளின் உடுப்பு என்றால் உடனே சிக்கனம் பேசுகிறோம். இதற்காக முன்பும் பலரோடு முரண்பட்டிருக்கிறேன். இனியும் முரண்படுவேன்.

இந்தச் சனம் எதை உடுத்திக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கொழும்புச் சரக்கு தாராளமாக வந்தது. 2006 ஓகஸ்டில் அதே வீதியில் யாழ்ப்பாணம் போகும் முகமாலைப் பாதை பூட்டுப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒதுங்கிய சனம், பெட்டிக்குள் வைத்திருந்த நல்ல சேலைகளை வெட்டி, பை தைத்து, மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கியது. அதன் பிறகு செட்டிகுளம் அகதி முகாம். ஆரோ உடுத்த உடுப்பை அளவு பாராமல் கை நீட்டி வாங்கிய நாட்கள். அந்தத் தாய் இன்று மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், நிறம் பார்த்து, அளவு பார்த்து, இது வேண்டாம் மற்றதை எடுங்கோ என்று சொல்கிறாள். அதை ஆடம்பரம் என்று எழுத என் கை வராது.

அடுத்தது, கூட்டம். கூட்டத்தை விடுங்கள், வெளியே வரும்போது கையிலிருக்கும் பையைப் பாருங்கள். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. எங்கள் கடைகளில் தொங்கும் துணியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருவது. இவை எல்லாம் விலைத்துண்டில்தான் வந்து விழும். அதனால் நாலு பேருக்கும் எடுத்த வீட்டில் இப்போது பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கிறார்கள். தாய்க்குப் பழைய சேலை, தகப்பனுக்கு ஒரு சாரம். கடைக்கு வருகிற தலைகள் அதேதான், எடுக்கிற உடுப்புத்தான் குறைந்தது.

கடனுக்கும் காரணம் இருக்கிறது. தீபாவளி வருவது காலபோக நெல் விதைப்பு நேரத்தில், அதாவது மாரிமழையை நம்பிச் செய்யும் பெரும்போகத்தில். உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் காசு வயலுக்குள் போய்விட்டிருக்கும். அது திரும்பி வருவது மாசி, பங்குனியில் அரிவி வெட்டிய பிறகு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகமும், அதாவது கோடை நெல்லும், செய்தவர் கையில் கொஞ்சம் இருக்கலாம், மானாவாரிக்காரர் என்ன செய்வார்? 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அடுத்த காலபோகத்தில் விளைச்சல் படுத்தது. அந்த வருஷம் பட்ட கடனை உடுப்புக் கடன் என்று சொல்வது பெரிய அநியாயம்.

காமன்ஸுக்கு, அதாவது ஆடைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கதை இன்னொன்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடியமுன்னம் பஸ் ஏறிப் போய் அவர்கள் தைப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உடுத்தும் உடுப்பு. அங்கே விலைவாசி ஏறி ஆட்கள் வாங்குவதைக் குறைத்ததும், 2023இல் இலங்கையின் ஆடை ஏற்றுமதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. ஓடர் குறைந்தால் ஓவர்டைம் இல்லை. ஓவர்டைம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை தம்பிக்குச் சட்டை எடுக்காது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. ஓகஸ்டில் 20 வீதத்தில் நின்றது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் எவ்வளவு பயம் இருந்திருக்கும்! அவர்கள் போடும் ஜீன்ஸைப் பற்றிச் சந்தியில் நின்று பேசுகிறவர்கள் இந்த வரியைப் பற்றிப் பேசுவதில்லை.

சேலையிலும் அரசியல் புகுந்தது. 2022 செப்டம்பரில், நெருக்கடியைக் கருத்தில் கொண்டு, அரச அலுவலர்கள் வசதியான, பொருத்தமான உடையில் வரலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நவம்பரில் சில ஆசிரியைகள் அதை நம்பிச் சேலை இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். ஆசிரியைகளுக்குச் சேலைதான் என்று கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. சேலை, சட்டைத்துணி, தையல்கூலி எல்லாம் ஏறிய நேரம் அது. அந்தச் செலவை ஒருவரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை.

தையல்கூலி என்றதும் என் பழைய ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த நிறுவனங்களில் எத்தனையோ, கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெசின் கொடுத்துப் படம் எடுத்தன. ஆனால் தைக்கத் துணிக்கு முதல் இல்லை, தைத்ததை வாங்க ஆளில்லை. ரெடிமேட் சட்டையின் விலையோடு ஒரு கிராமத்துப் பெண் தனிய மல்லுக்கட்ட முடியாது. பல வீடுகளில் அந்த மெசின் துணி மூடிக் கிடக்கிறது. அதே நேரம் ஒவ்வொரு வருஷமும் அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. துணி மட்டும்தான், தைப்பது பெற்றோர் பாடு. ஒரு கோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் சீருடையை அந்தக் கோட்டத்துப் பெண்களிடமே மொத்தமாகத் தைக்கக் கொடுக்க என்ன தடை? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று முன்வந்து வலயக் கல்வி அலுவலகத்தோடு பேசினால் போதும். பரந்தனில் அப்படி ஒரு சங்கம் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். முழுப்பக்கம் தருகிறேன்.