சாங்ஷன்: அனுமதியா, தண்டனையா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஒழுங்குக் குழு ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைத் தமிழில் தருகிறேன். அதில் 'தி கமிட்டி சாங்ஷன்டு தி மெம்பர்' என்று ஒரு வரி. கடன் சாங்ஷன் ஆனது என்றால் அனுமதி. ஆனால் செய்திகளில் பொருளாதாரத் தடைக்கும் இதே சொல்தான் வருகிறது. இங்கே எந்தப் பொருள்?

பதில்: தண்டனைதான். இந்த வினைச்சொல் ஆளையோ நாட்டையோ நிறுவனத்தையோ குறிவைத்தால் தண்டனை அல்லது தடை. தொகை, திட்டம், செயல் என்று வந்தால் பெரும்பாலும் அனுமதி. பெயர்ச்சொல்லாகப் பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்தால் அநேகமாகத் தடைதான். பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போதும் இதே கணக்கு: 'சாங்ஷன்டு' போட்டி என்றால் அங்கீகாரம் பெற்றது, 'சாங்ஷன்டு' வங்கி என்றால் தடைக்கு உள்ளானது.

ஒரே சொல் எப்படி இப்படி நேரெதிராகத் திரும்பியது? லத்தீனில் 'சான்கிரே' என்றால் புனிதமாக்கி உறுதிப்படுத்துவது. 'செயின்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். சட்டத்தை மீற முடியாததாக ஆக்க வேண்டும் என்றால் மீறியவனுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டுமே! 533-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல், தண்டனையை வகுக்கும் சட்டப் பகுதிகளுக்கே 'சாங்க்தியோ' என்று பெயர் சொல்கிறது. ஆக, உறுதியும் தண்டனையும் அப்போதே ஒரே சொல்லுக்குள் இருந்தன.

16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது ஆணையைக் குறித்தது. மகளும் அரியணை ஏறலாம் என்று 1713-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் பிறப்பித்த 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' அந்தப் பழைய பொருளில் வந்ததே. அப்புறம் உறுதிப்படுத்துவது என்ற பக்கம் 'ஒப்புதல்' ஆனது. தண்டனைப் பக்கம் நாடுகளுக்கிடையே பரவலானது 20-ஆம் நூற்றாண்டில். எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-இல் ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகள் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) எடுத்த நடவடிக்கைக்கு இதுதான் பெயர். 'தண்டி' என்ற வினைப்பொருள் இன்னும் புதிது.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். ஒருவரின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் 'தண்டித்தது' என்று பொதுவாக எழுத வேண்டாம். எச்சரிக்கையா, அபராதமா, இடைநீக்கமா என்பது அறிக்கையில் வேறெங்காவது இருக்கும், அதையே எழுதுங்கள். எங்கும் இல்லை என்றால் குழுவிடம் கேளுங்கள். அதுவரை 'ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது' என்று வைத்துக்கொள்ளலாம்.