தேங்காய்க்குள் பூ

கேள்வி: போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு உடைத்த தேங்காயில் பூ இருந்தது. அதே வாரம் தோசைக்கல்லில் ஊற்றிய தோசையில் ஓம் என்று தெரிந்தது. கைப்பேசியை எப்போது எடுத்தாலும் மணி 11:11 காட்டுகிறது. பிரபஞ்சம் எனக்கு ஏதோ சைகை காட்டுவதாகத் தோன்றுகிறது. மகன் இரண்டு வருடமாக வேலை தேடுகிறான். இது அவனுக்கான நல்ல சகுனமா? தேங்காய்ப் பூவை யாரும் தொடாமல் பூஜையறையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சாதாரணப் பொருளில் தெய்வம் வெளிப்படும் என்று நம்புவது தவறா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: தவறே இல்லை அம்மா. தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. தேங்காயில் தெய்வம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தத் தேங்காய் என் மகனைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு நீங்கள் ஆமாம் என்றால் நானும் ஆமாம். இரண்டாவதற்கு இல்லை என்றுதான் சொல்வேன், கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

முதலில் அந்தப் பூ. தேங்காய்க்கு மூன்று கண். அதில் ஒன்று மட்டும் விரலால் அழுத்தினால் மெதுவாக இருக்கும். அதற்கு நேர் உள்ளேதான் கரு இருக்கிறது. நன்றாக முற்றிய காய் கொஞ்ச நாள் சும்மா கிடந்தால் கரு விழித்துக்கொள்கிறது. கண் வழியாக வெளியே முளை விடப் பார்க்கும்போதே, உள்பக்கமாகப் பஞ்சு போன்ற ஓர் உருண்டையை வளர்க்கிறது. அந்த உருண்டைதான் உள்ளே இருக்கும் தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சி முளைக்கு ஊட்டுகிறது. நாளாக ஆகத் தண்ணீர் வற்றி, ஓடு முழுக்க அது நிறைந்துவிடும். நாம் பூ என்று சொல்வது இதைத்தான். வேரும் இலையும் இன்னும் சரியாக வராத ஒரு குஞ்சு உயிர், இருட்டுக்குள் உட்கார்ந்து, தாய்மரம் கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நாம் உடைத்துப் பார்த்திருக்கிறோம். இதைப் பார்த்துக் கைகூப்புகிறீர்களா, பக்கத்தில் நின்று நானும் கும்பிடுகிறேன். அது உங்கள் மகனின் நேர்முகத் தேர்வைப் பற்றிப் பேசுகிறது என்னும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் இருக்கிறது. பூவுக்குப் பலன் சொன்னால் அழுகலுக்கும் சொல்லியாக வேண்டும்.

என் சித்தி புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது. கூடம் முழுக்க நாற்றம். மாமியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, வேறு காய் எடுத்துவரச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருடம் மாமனார் தவறியபோது அந்தத் தேங்காய்ப் பேச்சு வந்தது. சினைமாடு செத்தபோது வந்தது. கொழுந்தனாருக்குக் கல்யாணம் தள்ளிப்போனபோதும் வந்தது. சித்திக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது, மாமியார் போய்ச் சேர்ந்தே பல வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது தேங்காயைக் கையில் எடுத்தால் அவர் பின்கட்டுக்குப் போய்விடுகிறார். உடைக்கிற சத்தம் கேட்டு, யாராவது "நல்ல காய்தான்" என்று குரல் கொடுத்த பிறகுதான் திரும்பி வருவார்.

அந்தக் காயில் என்ன நடந்திருக்கும்? ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருக்கும். இல்லையென்றால் நாரை முழுக்க உரித்துக் கண்ணைத் திறந்து போட்டிருப்பார்கள், அது வழியாக ஈரமும் பூஞ்சையும் இறங்கியிருக்கும். கடையில் குடுமியோடு காயை விற்பது அந்தக் கண்ணைக் காப்பாற்றத்தான். இவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு பெண் ஐம்பது வருடம் பின்கட்டில் நின்றிருக்கிறாள். உங்கள் வீட்டுத் தேங்காயில் பூ வந்தது என்று நீங்கள் சந்தோஷப்படும்போது எனக்குச் சித்தி ஞாபகம்தான் வருகிறது. என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

தோசையையும் 11:11ஐயும் சீக்கிரமே முடித்துவிடலாம். தோசை மாவை நடுவில் ஊற்றிக் கரண்டியால் சுழற்றிச் சுழற்றித்தான் பரத்துகிறோம். ஓம் என்ற எழுத்தும் சுழித்துச் சுழித்துப் போவதுதான். இத்தனை வருடத்தில் ஒரு தோசை அந்த எழுத்தைப் போல வராமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். கைப்பேசிக்கு ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் மணி என்னவென்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். 10:47, 4:26, 8:03 எல்லாம் வரும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். மற்றதையெல்லாம் மனசு உதிர்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் முடிந்து வைத்துக்கொள்கிறது.

1995 செப்டம்பர் 21ஆம் தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கரண்டியோடு கோயில் வாசலில் நின்றதே, அந்த நாள். நானும் வரிசையில் நின்றேன். கரண்டியைத் தும்பிக்கையில் ஒட்டினாற்போலப் பிடித்ததும் பால் குறைந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர் தேம்பி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. பால் பரப்பின் இழுவிசையால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்று விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டினார்கள். கோயில் தரை பிசுபிசுவென்று காலில் ஒட்டியது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. அடுத்த வாரம் அதே கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. வழக்கமாகக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் ஓர் அம்மாள் மட்டும், பிள்ளையார் காதிடுக்கில் காய்ந்திருந்த பாலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரியே இருந்தது.

பொருளில் தெய்வத்தைப் பார்ப்பது என்றால் எனக்கு இன்றுவரை அந்தத் துணிதான் நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் அது கை வேலை. மஞ்சள் பிள்ளையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு சொட்டு கூடினால் நிற்காமல் சாய்வார், குறைந்தால் வெடித்துவிடுவார். பதம் பார்த்து மூன்று விரலால் பிடிக்கிறோம், விரல் தடம் அப்படியே இருக்கும். வெற்றிலைமேல் உட்காரவைத்து, ஒரு பொட்டுக் குங்குமம், தலையில் ஓர் அருகம்புல். வா என்று அழைத்துப் பூஜை செய்கிறோம். முடிந்ததும் வடக்குப் பக்கமாக இம்மியளவு நகர்த்தி, யதாஸ்தானம் என்று வழியனுப்புகிறோம். அப்புறம் அது மஞ்சள்தான். கரைத்துத் துளசிக்கு ஊற்றிவிடுகிறோம். வேண்டுதலும் வைப்போம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பதில் எழுதியிருக்கிறதா என்று அந்த மஞ்சளைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் பக்கத்தில் சிறுவீட்டுப் பொங்கல் உண்டே, நீங்களே சின்ன வயதில் வைத்திருப்பீர்கள். மார்கழி முழுக்க விடியலில் கோலத்து நடுவில் சாண உருண்டை, அதன் தலையில் பூசணிப்பூ. அன்றன்றைக்கு உள்ளதை எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தையில் சிறுவீடு கட்டிப் பொங்கலிட்டு, எல்லாவற்றையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். சாணத்தைவிடச் சாதாரணமான பொருள் எது? முப்பது நாள் அதிகாலையில் குளிரக் குளிர எழுந்து, ஒரு சின்னப் பெண் அதைக் கையால் உருட்டியதில்தான் அது சாமியானது.

இனி உங்கள் மகன். நீங்கள் அவனிடம் சொல்லாவிட்டாலும், பூஜையறையில் யாரும் தொடாமல் ஒரு பூ தனக்காக இருப்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தேர்வு முடிந்து வரும்போதும் அம்மா தன் முகத்தைப் பார்ப்பதும் தெரியும். இரண்டு வருடமாக வேலை தேடுகிறவன் தோளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இந்த முறையும் கிடைக்கவில்லை என்றால், நல்ல சகுனம் வந்தும் தேறாதவன் என்று அவனே தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வான். என் சித்திக்கு ஒரு தேங்காய் செய்ததை இவனுக்கு இன்னொரு தேங்காய் செய்ய வேண்டாம்.

அறையில் வைத்திருக்கும் பூ இதற்குள் நிறம் மாறிக் கெட்டிருக்கும். எடுத்துத் துளசி மாடத்தருகே மண்ணில் புதைத்துவிடுங்கள். இனி ஒரு தடவை பூ வந்தால் எடுத்து வைக்காதீர்கள். உடைத்த அன்றைக்கே சாப்பிட்டால்தான் அது இனிக்கும், லேசாக நறுக்கென்றும் இருக்கும். துண்டு போட்டு வீட்டில் எல்லோருக்கும் கொடுங்கள். மகனுக்குக் கொடுக்கும்போது வேலையைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.