குழந்தையில்லாத தம்பதி: வீடு முழுவதும் மனைவிக்குப் போகுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மதுரையில் என் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அப்பா காலமாகிவிட்டார். அம்மா என் ஒரே தம்பியின் வீட்டில் இருக்கிறார். எனக்குப் பிறகு வீடு தானாகவே மனைவிக்குப் போய்விடும்தானே? வங்கியிலும் அவளைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன். அம்மா இருக்கும்போது உயில் எழுதச் சங்கடமாக இருக்கிறது.

பதில்: போகாது. பாதிதான் போகும். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறக்கும் ஆணுக்கு மனைவியும் தாயும் முதல் வகுப்பு வாரிசுகள். பிள்ளைகள் இல்லாததால் ஆளுக்குச் சரிபாதி. பிறகு அம்மாவும் உயில் இல்லாமல் காலமானால் அவருடைய பாதி உங்கள் தம்பிக்கு இறங்கும். மருமகளுக்கு அதில் பங்கில்லை. தம்பி தங்கமானவராகவே இருக்கட்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் அவருடைய மாமனார் வீட்டாரும் கூடவே வந்து நிற்பார்கள். வங்கி நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே, அதனால் அவர் வாரிசாகிவிட மாட்டார்.

சுயசம்பாத்தியம் என்பதால் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சாட்சி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓர் அம்மையார் கணவர் கைப்பட எழுதிய உயிலைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம், எந்த டிரங்குப் பெட்டியில் எந்த வளையல் என்பதுவரை இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘சாட்சி 1’ என்ற இடத்தில் கையெழுத்து. ‘சாட்சி 2’ என்ற இடத்தில் வெறும் கோடு. இரண்டு சாட்சி இல்லாவிட்டால் அது உயிலே அல்ல. நாளை வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். எனவே நடைப்பயிற்சி நண்பர்களை விட்டுவிட்டு, உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். மனைவியைச் சாட்சியாகப் போடாதீர்கள், வீண் சந்தேகம் கிளம்பும்.

அம்மாவைப் பற்றிய சங்கடத்துக்கும் உயிலிலேயே வழி இருக்கிறது. அவர் விரும்பினால் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கலாம், மருத்துவச் செலவுக்கு இன்ன வைப்புத்தொகை என்று எழுதுங்கள். வீட்டை மனைவிக்குச் ‘சர்வ சுதந்திர பாத்தியதையுடன்’, அதாவது முழு உரிமையுடன், என்று எழுதுங்கள். ‘ஆயுள்வரை அனுபவித்து’ என்று பழைய மாதிரியைப் பார்த்து எழுதிவிட்டால், அவசரத்துக்கு அவரால் விற்க முடியாமல் போகலாம். தானசெட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைத் தானமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம், செய்யச் சிலர் சொல்வார்கள். அதில் வீடு இன்றே கைமாறிவிடும். உயிலை நினைத்தபோது மாற்றலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் மனைவியின் உயில். 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று. திருமணமான 3 மாதத்தில் கணவர் இறந்ததும் புகுந்த வீட்டார் ஒரு பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பெற்றோர் படிக்க வைத்து, அவர் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம், அவர் உயில் எழுதாமல் இறந்ததால், பெற்ற தாய்க்குக் கிடைக்கவில்லை. கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அந்தச் சட்டம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பதிவுக்குப் போகும் அன்றே மனைவியையும் அழைத்துச் சென்று அவருடைய உயிலையும் முடித்துவிடுங்கள். சாட்சிகள் இருவரும் எப்படியும் அங்கே இருப்பார்கள்.