கையில் 83,800 பெரிதா, கான்ட்ராக்டில் 1,50,000 பெரிதா?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையாவிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 63 வயது. பொதுத்துறைத் தொழிற்சாலையில் 38 வருடம் வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றார். பி.எஃப். பென்ஷனாக மாதம் 3,400 ரூபாய் வருகிறது. எங்கள் மகளுக்கு 27 வயது. சாஃப்ட்வேர் கம்பெனியில் டேட்டா இன்ஜினியர். அவளுக்கு இது முதல் வேலை, சேர்ந்து 4 வருடம் 5 மாதம் ஆகிறது. சி.டி.சி. (கம்பெனி அவளுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 13,20,000. கைக்கு வருவது மாதம் 83,800. இப்போது கோரமங்கலாவில் ஒரு சின்ன கம்பெனி, கன்சல்டன்டாக வந்தால் மாதம் 1,50,000 தருகிறோம் என்கிறது. லீவு எடுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. "கான்ட்ராக்ட் என்பது கூலி வேலை, பி.எஃப்., பென்ஷன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நிற்பாய்" என்கிறார் என் கணவர். "மாதம் 66,000 அதிகம், வரியும் கிடையாது, அப்பாவுக்கு இந்தக் காலத்துக் கணக்கு தெரியாது" என்கிறாள் இவள். இரண்டு வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. எனக்கும் என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. மருத்துவக் காப்பீடு மகளின் கம்பெனி பாலிசியில்தான் ஓடுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்லும் 66,000 உண்மையில் பத்தாயிரத்தைத் தொடவில்லை. உங்கள் கணவர் கவலைப்படும் பென்ஷனோ, மகளின் இப்போதைய வேலையிலேயே இல்லை. இரண்டையும் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பென்ஷன். 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சேர்ந்து, அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால், ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவே முடியாது. கம்பெனி கட்டும் 12 சதவீதமும் முழுக்க பி.எஃப். கணக்குக்குத்தான் போகும். உங்கள் மகளின் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பென்ஷன் என்ற கட்டத்தில் மாதம் 1,250 ஏறிக்கொண்டிருந்தால் அது கம்பெனியின் தவறு, பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும், இப்போதே எச்.ஆரிடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பூஜ்யம் என்றிருந்தால் சரி. அந்தத் திட்டத்தில் உங்கள் மகள் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைய சூத்திரப்படி ஓய்வூதியத்துக்குரிய சேவை 35 வருடம் உள்ளவருக்கு 15,000 பெருக்கல் 35 வகுத்தல் 70, அதாவது மாதம் 7,500.

உங்கள் கணவர் காலத்து வேலைக்குப் பின்னால் நின்றவை வேறு. விலைவாசியோடு தானாக ஏறும் பஞ்சப்படி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யூனியன் கையெழுத்துப் போடும் ஊதிய ஒப்பந்தம், 60 வயது வரை நிலைத்த வேலை. 1990களில் பி.எஃப். வட்டியே 12 சதவீதம். 2024-25க்கு 8.25. மகளின் சம்பளத்தில் பஞ்சப்படி கிடையாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் மூன்று மாத நோட்டீஸ் என்று இருந்தால், அது கம்பெனிக்கும் சேர்த்துத்தான். மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து நாளையே அனுப்பிவிடலாம். "பர்மனென்ட்" என்ற சொல்லை அப்பா ஒரு பொருளில் சொல்கிறார், மகளின் கம்பெனி இன்னொரு பொருளில் எழுதியிருக்கிறது. "கான்ட்ராக்ட்" என்பதும் அப்படியே. ஆலை வாசலில் அவர் பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை வேறு, இங்கே பேசுவது பில் போட்டுப் பணம் வாங்கும் தொழில்.

இனி மகளின் கணக்கு. 83,800ஐ 1,50,000த்தோடு ஒப்பிடுவதில்தான் பிசகு. ஒன்று எல்லாப் பிடித்தமும் போன தொகை, மற்றது எதுவுமே பிடிக்காத தொகை.

அவருடைய சி.டி.சி.யை, அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துப் பிரிக்கிறேன் (சேலரி ஸ்லிப்பில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்). கைக்கு வருவது ஆண்டுக்கு 10,05,600. அவர் பங்கு பி.எஃப். 72,000, கம்பெனி பங்கு 72,000. கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது 28,860. குழுக் காப்பீட்டு பிரீமியம் 19,140. வேரியபிள் பே (வேலையின் செயல்பாட்டைப் பொறுத்துத் தருவது) 1,20,000 என்று எழுதியிருந்தாலும் முழுதாக வருவது அபூர்வம், 80 சதவீதம் என்று 96,000 வைக்கிறேன். மொத்தம் 12,93,600. வரி? புதிய வரிமுறையில் நிலைக்கழிவு 75,000 போக வருமானம் 12 லட்சத்துக்குள் அடங்குவதால் 2025-26 கணக்குப்படி வரி இல்லை. "கான்ட்ராக்டில் வரி இல்லை" என்று மகள் சொல்வது சரிதான், ஆனால் அது இப்போதும் இல்லை.

கான்ட்ராக்ட் பக்கம்: ஆண்டுக்கு 18 லட்சம். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் ஒரு நாளின் விலை 6,818. காய்ச்சல், பண்டிகை, ஊருக்குப் போவது என்று 15 நாள் போனால் 1,02,000 குறையும். ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்க ஆண்டுக்குச் சராசரி ஒரு மாத இடைவெளி வையுங்கள், 1,50,000. மீதி 15,48,000. இதிலிருந்து அவருக்கும் உங்கள் இருவருக்கும் தனிநபர் மருத்துவக் காப்பீடு 85,000 (இது உத்தேசம், சர்க்கரை நோயைச் சொல்லி கொட்டேஷன் வாங்கினால்தான் உண்மைத் தொகை தெரியும்), டேர்ம் (ஆயுள்) மற்றும் விபத்துக் காப்பீடு 15,000, லேப்டாப் தேய்மானமும் சாஃப்ட்வேரும் 25,000, ஆடிட்டருக்கு 10,000. மிஞ்சுவது 14,13,000.

வித்தியாசம் ஆண்டுக்கு 1,19,000 சொச்சம். மாதம் 9,900. வேலையில்லா நாட்கள் நான் வைத்ததைவிட 18 நாள் கூடினால் அதுவும் காலி.

வரி எப்படி இல்லாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம் வரித்துறை அறிவித்த தொழில்களில் ஒன்று. அதனால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டத்தில் 58ஆம் பிரிவு) வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். 18 லட்சத்தில் பாதி 9 லட்சம், தள்ளுபடி போக வரி பூஜ்யம். கம்பெனி ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து 1,35,000 தான் போடும். பிடித்த 1,80,000 அடுத்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும். ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். தாண்டினாலும் பயம் வேண்டாம். 18 சதவீதத்தை பில்லில் தனியாகச் சேர்ப்பார், கம்பெனி அதைத் தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும்.

விலை என்னவென்றால், வங்கி அந்த 9 லட்சத்தைத்தான் பார்க்கும். வீட்டுக்கடன் கேட்டால் சொந்தத் தொழில் செய்பவரிடம் இரண்டு, மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். 18 லட்சம் சம்பாதித்தவர் 9 லட்ச வருமானத்துக்கான கடன்தான் பெறுவார். இரண்டு வருடத்தில் ஃபிளாட் வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பளக்காரராக இருக்கும்போதே கடன் வாங்கிவிடுவது நல்லது. அல்லது பாதிக்கு மேல் வருமானம் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பெனி லேப்டாப், பஞ்ச் கார்டு, லீவுக்கு மேனேஜர் அனுமதி, வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தால், "இது தொழில் இல்லை, சம்பளம்" என்று வரித்துறை சொல்லலாம். அப்போது பாதி வருமானச் சலுகை போய்விடும்.

அடுத்தது, நீங்கள் மூவருமே பேசாத விஷயம். கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்க எனக்கு உரிமையில்லை, கணக்கு கேட்கிறது. வேலையில் இருக்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. மாதம் 90,000 மொத்தச் சம்பளத்தில் அது ஏறக்குறைய 5,40,000 ரூபாய். கன்சல்டன்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. தனிநபர் பாலிசியில் பிரசவச் செலவுக்கு இரண்டு முதல் நான்கு வருடம் காத்திருப்பு வைப்பார்கள், பல பாலிசிகளில் பிரசவமே சேராது. ஆண்டுக்கு 1,19,000 லாபம் என்றால் நாலரை வருட லாபம் இந்த ஒன்றிலேயே போகும். அடுத்த மூன்று வருடத்தில் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்பது மகள் முடிவு செய்ய வேண்டியது. இருந்தால் 1,50,000க்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இல்லையென்றால், போகலாம். ஆனால் இந்த மாதம் அல்ல, இந்தத் தொகைக்கும் அல்ல.

கிராஜுவிட்டி ஐந்து வருடம் முடிந்தால்தான் உறுதி. 50,000 பெருக்கல் 15/26 பெருக்கல் 5, ஆக 1,44,231 ரூபாய். (4 வருடம் 240 நாள் போதும் என்று தீர்ப்புகள் உண்டு, கம்பெனியோடு வாதாட வேண்டிவரும்.) ஏழு மாதம் முன்னால் போவதால் வரும் லாபம் 70,000 தான், காத்திருந்தால் அதைப் போல இரு மடங்கு. முழு ஏழு மாதமும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் மூன்று மாதம் என்றால், 4 வருடம் 9 மாதம் கழிந்து இரண்டு வாரம் தள்ளி ராஜினாமா கொடுத்தால் நோட்டீஸ் காலத்திலேயே ஐந்து வருடம் நிறையும். ஒரு பிசகு நேரலாம்: சில கம்பெனிகள் கடிதம் கொடுத்த மறுவாரமே விடுவித்துவிடும். உங்கள் மகளின் குழுவில் முன்பு விலகியவர்களை எப்படி அனுப்பினார்கள் என்று விசாரித்துவிட்டு நாளைக் குறிக்கட்டும். சந்தேகம் இருந்தால் ஐந்து வருடம் முடித்துவிட்டே கொடுக்கலாம்.

தொகையைப் பொறுத்தவரை 1,75,000 கேட்கச் சொல்லுங்கள். அதே கழிவுகளைப் போட்டால் வேலையைவிட ஆண்டுக்கு 3,77,000 அதிகம் நிற்கிறது, மாதம் 31,000. அந்தப் பணத்துக்கு ரிஸ்க் எடுக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு வழி: கன்சல்டன்ட் வேண்டாம், குறித்த கால ஊழியராக எடுங்கள் என்று கேட்கலாம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அப்படிப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு, பி.எஃப்.பும் வரும். வரிச் சலுகை போகும், மகப்பேறு விடுப்பு வரும்.

உங்கள் இருவரின் காப்பீடுதான் என்னைக் கேட்டால் முதலில் தொட வேண்டியது. ராஜினாமாவுக்கு இரண்டு மாதம் முன்பே, குழு பாலிசி எந்தக் காப்பீட்டு நிறுவனத்துடையதோ அதனிடமே தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மாறினால் இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். உடல்நிலையைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள், அதனால் பதில் எழுத்தில் வரும் வரை வேலையை விடக்கூடாது. புதிதாக எடுத்தால் சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

பி.எஃப்.பை எடுக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் வரி. விட்டுவைத்தால் வட்டி ஓடும், வேலை விட்ட பிறகு வரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. நின்றுபோகும் மாதம் 12,000 பி.எஃப்.புக்குப் பதிலாக அதே தொகையை பி.பி.எஃப்.பில் (பொது வருங்கால வைப்பு நிதி) தானாகப் பிடிக்கும்படி வங்கியில் எழுதிக்கொடுக்கட்டும். ஆண்டு வரம்பு ஒன்றரை லட்சம், இது அதற்குள் அடங்கும்.

கையிருப்பு: முதல் பில் ஒரு மாதம் கழித்துப் போகும், பணம் வர 45 நாள். ஆக முதல் 75 நாள் வரவு இல்லை. ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருந்தால்தான் இறங்கலாம். அதற்காக உங்கள் கணவர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். இடையில் மூடினால் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம் கழிப்பார்கள், மீதிக் காலத்து வட்டியும் போகும். அந்தக் கையிருப்பை, காத்திருக்கும் மாதங்களில் மகளே சேர்க்கட்டும்.

பணம் தாமதமானால் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. ஆதார், பான் வைத்து, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இலவசமாகச் செய்யலாம். பதிவு எண்ணை பில்லில் போட்டால், வாங்குபவர் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. கொடுக்காத வரை அந்தச் செலவை அவர்கள் வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. சின்ன கம்பெனியின் அக்கவுன்டன்ட் இந்த எண்ணைக் கண்டால் கொஞ்சம் சுறுசுறுப்பாவார்.

ஒப்பந்த வரைவு வந்ததும் உங்கள் கணவரிடம் கொடுங்கள். ஊதிய ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்த தலைமுறை, அந்தக் கண் மகளுக்கு இருக்காது. நோட்டீஸ் இரு பக்கமும் 30 நாளா, பில் கொடுத்து எத்தனை நாளில் பணம், மகள் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா (மூன்று மாதக் கட்டணத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளக் கூடாது), வேறு கம்பெனிக்கு வேலை செய்யத் தடை உண்டா என்று நான்கையும் அவர் பென்சிலால் கோடிட்டுத் தரட்டும். கேட்கும் தொகையை மகள் பேசட்டும்.