கடன் பத்தியை அடிக்கச் சொல்லும் ஏஜென்ட்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 11 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். முன்பணம் 1 லட்சம், மீதி வங்கிக் கடன். ஒப்பந்தத்தில் கடன் பற்றிய பத்தியை அடித்துவிட்டால் விற்பவர் உடனே சம்மதிப்பார், இல்லாவிட்டால் ரொக்கத்தோடு நிற்கும் இன்னொருவருக்குப் போய்விடும் என்கிறார் ஏஜென்ட். மனம் மாறினால் 5 நாளில் விலகலாமாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. அந்த ரொக்கக்காரரை இருபது வருஷமாக நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் நிற்கிறார், யார் கண்ணிலும் பட்டதில்லை.

இன்ன தொகை, இன்ன தேதிக்குள் கிடைத்தால்தான் இந்த வியாபாரம் என்பதுதான் அந்தப் பத்தி. வங்கி மறுத்தால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும், முன்பணம் உங்களிடம் திரும்பும். அடித்துவிட்டால், கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 11 லட்சத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. கட்ட முடியாமல் போனால் முன்பணத்தில் கை வைப்பார்கள். வாங்குபவர் தவறினால் கமிஷனையும் அவரே தரவேண்டும் என்று பல படிவங்களில் பொடி எழுத்தில் இருக்கும். உங்களுடையதில் தேடிப் பாருங்கள், ஏஜென்டின் அவசரம் புரியும்.

பத்தி இருந்தால் மட்டும் போதாது. தொகைக் கட்டம் காலியாக இருந்தால், வங்கி 7 லட்சம் தருகிறேன் என்றாலும் ‘கடன் கிடைத்துவிட்டதே’ என்று வாதாடுவார்கள். 10 லட்சம் என்று எழுதுங்கள். தேதிக்கு 30 நாளாவது கேளுங்கள். வங்கி இழுத்தடித்தால், அந்தத் தேதி தாண்டுவதற்கு முன்பே இரு தரப்பும் காகிதத்தில் கையெழுத்திட்டு நீட்டிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று வந்ததெல்லாம் செல்லாது. நிலக் கிரயத்துக்கு இந்த நாட்டில் இன்னும் பேனா மையில் போட்ட கையெழுத்துதான் வேண்டும்.

அந்த 5 நாள் கதைக்கு வருகிறேன். அப்படி ஓர் உரிமை நிலக் கிரயச் சட்டத்தில் உண்டு, பொய்யில்லை. ஆனால் விலை 2,50,000 ராண்டோ அதற்குக் குறைவோ ஆக இருந்தால் மட்டுமே. திரும்பச் சொல்கிறேன், இரண்டரை லட்சம். உங்கள் வீடு 11 லட்சம், ஒரு நாள் கூடக் கிடையாது. அந்த வரம்பை வைத்தவர்கள் பிறகு அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டரை லட்சத்துக்கு இன்று சாட்ஸ்வொர்த்தில் என்ன கிடைக்கும், கார் ஷெட்டா? சட்டம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டவர்களுக்கு, அதைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு விருப்பப் பத்தி வண்டுச் சான்றிதழ், அதாவது வீட்டு மரத்தை வண்டு அரிக்கவில்லை என்ற சான்று. மின்சாரச் சான்றிதழைச் சட்டமே கேட்கிறது. வண்டுச் சான்றிதழை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. கடலோர ஊர்களின் வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. பழைய வீடு என்றால் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை கூரைக்குள் ஏறி உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். மேலே பெயின்ட் பளபளப்பு, உள்ளே ரவைபோல மாவு உதிர்ந்தது. ‘உள்ளபடியே’ விற்பதாகச் சொல்லும் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ பத்தியும் இருந்தால், தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

முன்பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். கிரயம் முடிக்கும் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் போட்டு, வட்டி உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். ஏஜென்டிடம் அவருடைய ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழை, அதாவது தொழில் நடத்தும் உரிமச் சான்றை, காட்டச் சொல்லுங்கள். அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கவே உரிமையில்லை. முகம் சுளித்தால், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.