20ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடுகிறது என்று கேட்டவருக்கு

மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள். சம்பளம் வந்த அன்றே வாடகை, மின்கட்டணம், கடன் தவணை எல்லாவற்றுக்கும் உள்ளதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மீதியை 30ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் வருவதுதான் ஒரு வாரச் செலவு. நேராக 4ஆல் வகுக்காதீர்கள்; 28 நாளோடு பணம் முடிந்து, கடைசி இரண்டு மூன்று நாள் கையைக் கடிக்கும்.

பெரிதாக எதுவும் வாங்கவில்லை, செலவையும் எழுதி வைக்கிறேன் என்கிறீர்கள். எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கிடப்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வாரம் இருப்பைப் பார்த்தால் நிறைய இருப்பதுபோலத் தெரியும்; அதில் பெரும்பங்கு வாடகையாக வீட்டு உரிமையாளருக்குப் போக வேண்டியது. எழுதுவதும் செலவான பிறகுதானே, அது கையைத் தடுக்காது.

ஒன்று செய்து பாருங்கள். போன மாத வங்கி அறிக்கையை எடுத்து, சின்னச் சின்னத் தொகைகளை மட்டும் அடிக்கோடிட்டுக் கூட்டுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்களும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எனக்கு அந்தக் கூட்டுத்தொகை வாடகையில் பாதியைத் தொட்டது, பதறிப்போனேன்.

ஆனால் கட்டாயச் செலவே சம்பளத்தை விழுங்குகிறது என்றால் இது உதவாது. அப்போது வாடகையைப் பகிர ஓர் ஆள் தேடுங்கள். சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.