அகராதியில் மேயும் பிள்ளை

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இங்கிலீஷ் அகராதியில் யாரும் பேசாத சொற்களாகத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். திட்டினால், கடுமையான இங்கிலீஷுக்குப் பேர்போன அரசியல்வாதி சசி தரூரைக் காட்டுகிறான். பரீட்சைக்கும் வராத, பேச்சுக்கும் உதவாத இந்தச் சொற்களால் யாருக்கு என்ன லாபம்?
– ஒரு தந்தை, விருத்தாசலம்

பதில்: நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவரா? அப்படியென்றால் யார்க்கர், கூக்ளி, நைட்வாட்ச்மேன், சில்லி பாயின்ட் எல்லாம் உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும். மட்டை பிடிப்பவனின் மூக்குக்கு முன்னால், அடிபடும் தூரத்தில் போய் நிற்பது பைத்தியக்காரத்தனம். அதனால்தான் அந்த இடத்துக்கு 'சில்லி', அதாவது 'அசட்டு' என்ற அடைமொழி. இதுவும் எந்தப் பரீட்சையிலும் வராதுதான். லாபக் கணக்குப் பார்த்தா கற்றுக்கொண்டீர்கள்? ஆட்டம் பிடித்திருந்தது, சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் பையன் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தைத் தேடிப் போகிறான். வழிதான் வேறு.

'யாரும் பேசாத சொற்கள்' என்கிறீர்கள். உங்கள் காதில் விழாத சொற்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஷூ லேஸின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கிறதே, அதற்கு 'ஆக்லெட்' என்று பெயர். அது கழன்று நூல் பிரிந்துவிட்டால் லேஸை ஓட்டைக்குள் நுழைக்கப் படாதபாடு படவேண்டும். பசியில் வயிறு கடமுட என்றால் டாக்டர்களுக்கு அது 'போர்போரிக்மஸ்'. சொல்லிப் பாருங்கள், வயிறு பேசுவது போலவே இருக்கும்.

எங்கள் பத்திரிகைத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அச்சகங்களில் ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் தனியே அடுத்த பக்கத்தின் தலையில் போய் நின்றால் அது 'விடோ' (விதவை). முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கிவிட்டால் 'ஆர்ஃபன்' (அனாதை). வரிகளின் இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துக் கட்டும்போது சொற்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி விழும். அடுத்தடுத்த வரிகளில் அது ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்து மேலிருந்து கீழே ஓடினால் 'ரிவர்'. தமிழில் சொற்கள் நீளம், எங்கள் பத்திகளோ ஒடுக்கம், ஆகவே ஆறுகளுக்குக் குறைவில்லை. எந்தப் பத்திரிகையையும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள், தெரியும். பெயர் தெரிந்த பிறகு ஒரு தொல்லை: பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னும் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் கோத்த அச்செழுத்துகளின் மேல் அப்படியே வார்ப்பு அச்சு எடுத்து, முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்து, திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள். அந்தத் தகட்டுக்குப் பெயர் 'ஸ்டீரியோடைப்'. பிரெஞ்சு அச்சகத்தார் அதையே 'கிளிஷே' என்றார்கள். இன்று சினிமா விமர்சனத்தில் 'ஒரே கிளிஷே', அதாவது அரைத்த மாவு, என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஈயம் உருக்கும் வாசனை நினைவுக்கு வருகிறதோ!

அகராதிக்காரர்களும் சறுக்குவார்கள் என்பதைப் பையனிடம் சொல்லிவையுங்கள், இன்னும் உற்சாகமாகத் தேடுவான். 1934இல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது, பொருள் அடர்த்தி. நடந்தது இதுதான். அடர்த்தியைக் குறிக்கப் பெரிய டி, சின்ன டி இரண்டையும் பயன்படுத்தலாம் என்பதற்காக, வேதியியல் பகுதியைப் பார்த்தவர் 1931இல் ஒரு துண்டுச் சீட்டில் 'டி ஆர் டி' (D or d, 'டி அல்லது டி') என்று எழுதி அனுப்பினார். சுருக்கக் குறிகளின் கட்டில் சேரவேண்டிய சீட்டு, சொற்களின் கட்டில் போய் விழுந்தது. மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகி, உச்சரிப்பும் பெற்று, அச்சேறிவிட்டது. 1939இல்தான் ஓர் ஆசிரியர், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் விவரமே இல்லையே என்று சந்தேகப்பட்டார். அதன் பிறகுதான் அகராதியிலிருந்து அதை நீக்கினார்கள். பிழை திருத்துகிற எவருக்கும் இந்தக் கதை வயிற்றைக் கலக்கும்.

சசி தரூருக்கு வருவோம். 2017இல் அவர் ஒரு ட்வீட்டில் 'ஃபராகோ' என்று போட, நாடே அகராதியைப் புரட்டியது. கதம்பக் குழப்பம் என்று பொருள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். இதைத் தெரிந்துகொண்டு அந்த ட்வீட்டைப் படித்தால் ருசியே வேறு. அடுத்த ஆண்டு அவர் எடுத்துவிட்டது 29 எழுத்துச் சொல்: 'ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன்'. இது எந்தப் பட்டறையிலும் புழங்கிய சொல் அல்ல. கம்பளிப் பிசிறு, மயிரிழை, ஒன்றுமில்லை என்று மதிப்பற்றதைக் குறிக்கும் லத்தீன் சொற்களை வரிசையாகக் கோத்து வேடிக்கைக்காகச் செய்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இந்த வகைச் சொற்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எதிரே இருப்பவர் முழிப்பதைப் பார்த்து ரசிக்கவே அதிகம் பயன்படுகின்றன. ஆனால் இதன் பொருள் உங்களுக்குத் தேவைப்படும்: ஒன்றை எதற்கும் உதவாதது என்று தள்ளிவிடுவது. மகனின் பொழுதுபோக்குக்கு உங்கள் கடிதம் செய்திருப்பதும் அதைத்தான்.

நோட்டைப் பிடுங்காதீர்கள். சொல், பொருள் என்று இரண்டே கட்டம் போட்டிருந்தால் மூன்றாவதாக ஒன்று போடச் சொல்லுங்கள்: யார், எந்த வேலையில் இதைச் சொல்கிறார்கள்? அது நிரம்பாத சொற்களைப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அவனே மறந்துவிடுவான். பாடப் புத்தகத்தை மூடிவைத்ததற்குத் திட்டுவது உங்கள் உரிமை. அதில் நான் தலையிடவில்லை.